பொன்விரிப்பு மிதிவண்டித் தடம்

மனிதன் எதற்காகச் சக்கரத்தைக் கண்டுபிடித்தான் என்ற கேள்விக்கு ஐயாயிரம் ஆண்டுகளாகச் சரியான விடை இல்லாமல் இருந்தது. சென்ற மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, வலங்கைமானுக்குத் தெற்கே விடையமங்கலம் என்னும் ஊரின் வாய்க்கால் கரையில் அந்த விடை கிடைத்துவிட்டது. இது கற்பனை இல்லை. ஊரக அமைதிப் பயண மேம்பாட்டு வாரியத்தின் செய்திக்குறிப்பு, முதல் பக்கம், முதல் பத்தி.

செய்திக்குறிப்பை எழுதியவர் பஞ்சநதம். மயிலாடுதுறைக்காரர். வாரியத்தில் மூன்று ஆண்டுகளாகத் ‘தற்காலிக’ வழித்தட மேற்பார்வையாளர். அவர் வேலைதான் நிரந்தரமாகவில்லையே தவிர, தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது.

அவர் மேற்பார்வையில் உருவான ‘வாகனமில்லா மிதிவண்டிச் சுற்றுலாத் தடம்’ நான்கு கிலோமீட்டர் நீளம், பத்தடி அகலம். சிமெண்ட் அவ்வளவு வழவழப்பு, கன்னத்தை வைத்துப் படுக்கலாம். காரும் டிராக்டரும் நுழையாதபடி இரு முனையிலும் இரும்புக் கம்பங்கள். நடுவில் ‘அடர்வனப் பகுதி’ ஒன்றும் உண்டு. அதாவது, ஒரு மூங்கில் புதரும் பதினொரு தேக்கு மரங்களும். பன்னிரண்டாகத்தான் இருந்தன. ஒன்றை வெட்டி ‘மரங்களைக் காப்போம்’ என்று பலகை செய்தாயிற்று.

நுழைவாயிலில் இன்னொரு பலகை. வாசகம் பஞ்சநதத்தின் சொந்த உபயம்: ‘இப்பாதையில் எந்த வாகனமும் வராது. அச்சமின்றிப் பயன்படுத்துவீர்.’

பயன்படுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வந்து பார்த்தபோது, பாதையில் இருநூறு மீட்டருக்கு நெல் விரித்திருந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை. நடுவில் ஒரு பெண்மணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் நெல்லைத் துழாவியபடி நடந்துகொண்டிருந்தார். பெயர் தங்கமணி. ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர்.

“என்னம்மா இது?”

“நெல்லு.”

“அது தெரியுது. இங்க எதுக்கு?”

“காயறதுக்கு.”

“அம்மா, இது டூரிஸ்ட் பாதை. பத்து மணிக்குத் திறப்பு விழா!”

“நீங்கதானே சார் போர்டு வச்சீங்க? ‘எந்த வாகனமும் வராது, அச்சமின்றிப் பயன்படுத்துவீர்’னு. படிச்சிட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க மேல கவர்மெண்டுக்கு இவ்வளவு அக்கறையான்னு. ‘களம்’னு எழுதாததுதான் பாக்கி.”

பஞ்சநதம் எழுதிய தமிழை ஒருவர் முழுதாகப் படித்து, நம்பியும் விட்டது அவர் வாழ்வில் அதுவே முதல் முறை.

தங்கமணி விஷயத்தைச் சொன்னார். அறுப்பு முடிந்த மறுநாள் பருவம் தப்பிய மழை. நெல்லில் ஈரப்பதம் இருபது சதவீதம். கொள்முதல் நிலையத்தில் பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். அந்த நிலையத்தையும் இன்று மாலை ஐந்து மணியோடு இந்தப் பருவத்துக்கு மூடுகிறார்கள். மெயின்ரோட்டில் காயப் போடலாம் என்றால் பைக் வழுக்குகிறது என்று போலீஸ் தடை.

“வண்டி போற ரோட்டுல போடாதேன்னாங்க, சரி. வண்டி போகாத ரோட்டுல போட்டா நீங்க வந்து நிக்கறீங்க. எங்கதான் சார் போடறது? ஆகாசத்துலயா? இன்னிக்கு வெயிலை விட்டா நாளைக்கு முளைச்சிடும். ஆறு மாசப் பாடு போச்சு.”

பஞ்சநதம் கடமை தவறாதவர். துடைப்பத்தை எடுத்தார். ஒரு கை நெல்லையும் எடுத்தார். சில்லென்று இருந்தது. துடைப்பத்தை நழுவவிட்டு, அந்த நெல்லை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது வாரிய இயக்குநர் ராஜராஜனிடமிருந்து போன்.

“பாதை ரெடியா, பஞ்சநதம்?”

“ரெடி சார். ஒரு... சிறப்பு ஏற்பாடும் இருக்கு சார்.”

“என்ன ஏற்பாடு?”

“பொன்விரிப்பு சார். தரையில நெல்லை விரிச்சு, அது மேல சைக்கிள். பாரம்பரியம் சார்.”

“சோழர் காலத்துதா?”

“இருக்கும் சார்.”

“எக்ஸலெண்ட்!”

தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்ப்பதில் இது ஒரு வசதி. எதற்கும் சோழரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். அவர்கள் மறுப்பு அறிக்கை விடுவதில்லை.

“என்ன தம்பி சொல்லிட்டீங்க? சைக்கிள் ஏறுமா?” என்றார் தங்கமணி. ‘சார்’ என்பது ‘தம்பி’ ஆகியிருந்தது.

“நெல்லு உடைஞ்சிடுமாம்மா?”

“மெயின்ரோட்டுல பஸ்ஸே ஏறி உடையாத நெல்லு. சைக்கிள் ஏறினா எனக்குத் துழாவற வேலை மிச்சம். டயர் கீறிவிட்டா அடி நெல்லு மேல வந்துடும். ஆனா ஒண்ணு. நெல்லு மேல செருப்புக் கால் படக்கூடாது. சொல்லிப்புட்டேன்.”

பத்தே காலுக்கு ரிப்பன் வெட்டப்பட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இருபத்திரண்டு பயணிகள், உடம்போடு ஒட்டிய உடையில், முதுகில் தண்ணீர்ப் பையோடு நின்றார்கள். காலில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் விசேஷக் காலணிகள். அத்தனை பேரையும் தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். இருபத்திரண்டு ஜோடியும் கழன்றன. இயக்குநருடையதும் சேர்த்து இருபத்து மூன்று.

“ஆன்ட்டி, சாப்பிடுற பொருள் மேல ஓட்டறது தப்பில்லையா?” என்று அனீஸா என்ற சென்னைப் பெண் தயங்கினாள்.

“தப்புதாம்மா. காய வைக்காம விடறது அதைவிடத் தப்பு. நீ மெதுவா ஓட்டு.”

பிறகு நடந்ததை வாரியம் ‘ஆன்மிக மிதிவண்டி அனுபவம்’ என்று பதிவு செய்திருக்கிறது. தங்கமணியின் குரல் மட்டும் அவ்வளவு ஆன்மிகமாக இல்லை.

“ஏம்ப்பா பச்சைத் தொப்பி, போன தடத்துலயே போறியே, கொஞ்சம் தள்ளிப் போ! அனீஸாப் பொண்ணு, சமத்து, அப்படித்தான்! பெரிய சார், அந்த ஓரம் இன்னும் ஈரம். ஒரு நடை போயிட்டு வாங்க.”

பெரிய சார் போனார். இருபத்தாறாயிரம் கோப்புகளில் கையெழுத்திட்ட மனிதர், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார், அது தெரியாமலே. ஏழாவது நடையில் சக்கரம் வழுக்கிக் குப்புற விழுந்தார். செய்திக்குறிப்பில் அது ‘இயக்குநர் அவர்கள் நெல்லோடு நேரடித் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார்’ என்று வந்தது. எழுந்தவர் மீசையில் நெல்லோடு சொன்னார்:

“பஞ்சநதம், ஏதோ ஒரு நிம்மதி கிடைக்குதய்யா!”

“கிடைக்கும் சார். இன்னும் நாலு நடை போனா முழுசாக் கிடைக்கும்.”

மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. பயணிகள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனதும் பஞ்சநதம் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே துழாவ இறங்கினார். இது எந்தச் செய்திக்குறிப்பிலும் இல்லை. மூன்று மணிக்கு மூட்டை கட்டி, கம்பங்களுக்கு வெளியே நின்ற டிராக்டர் வரைக்கும் பயணிகள் நடைக்கு ஒன்றாகச் சைக்கிளில் வைத்துத் தள்ளினார்கள். பச்சைத் தொப்பிக்காரர் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டார்.

நாலே முக்காலுக்குக் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் ஈரப்பதக் கருவியில் நெல்லைப் போட்டார். தங்கமணி கருவியைப் பார்க்கவில்லை, எழுத்தரின் முகத்தைப் பார்த்தார். பஞ்சநதம் எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

“பதினாறு புள்ளி எட்டு. இறக்குங்க.”

கதை இங்கேயே முடிந்திருந்தால் வாரியத்துக்கு ஒரு கோவிலே கட்டியிருக்கலாம். ஆனால் வாரியம், வெற்றி பெற்ற எதையும் சும்மா விடுவதில்லை.

பத்தாவது நாள் உத்தரவு வந்தது. பொன்விரிப்பு இனி ஆண்டு விழா. அதற்கொரு பலகை. பஞ்சநதமே கொண்டுபோய் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். உளுந்து வயலிலிருந்து வந்த தங்கமணி நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்:

“‘பாரம்பரியப் பொன்விரிப்பு. பயணிகள் காலணிகளைக் கழற்றவும். பாதுகாப்புக் கருதி விவசாயிகளுக்கு அனுமதி இல்லை.’”

பஞ்சநதம் திரும்பாமல் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விவசாயி வரக்கூடாதுன்னா நெல்லை யாரு தம்பி கொட்டுவா?”

“டெண்டர் விட்டிருக்காங்கம்மா. கல்யாண மேடை அலங்காரம் பண்ற கம்பெனி. நெல்லும் அவங்களே கொண்டாந்துடுவாங்க.”

“அந்த நெல்லுக்கு ஈரம் பாப்பாங்களா?”

“அலங்காரத்துக்கு யாரும்மா ஈரம் பாப்பாங்க?”

“மழை வந்தா?”

“கூடாரம் போட்டுடுவாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு.”

தங்கமணி தலைமேல் இருந்த புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டார்.

“அப்ப ஒரு உதவி செய்ங்க தம்பி. அடுத்த வருஷம் என் நெல்லையும் அலங்காரம்னே எழுதிக்கச் சொல்லுங்க. திங்கறதுக்குன்னு சொன்னாத்தானே இத்தனை கேள்வி கேக்கறீங்க?”