பென்சிலில் எழுதிய ஏலம்

"பாதி ரொட்டிதான் மிச்சம் இருந்துது, வின்னி. அதான் பதினோரு பக்கத்தோட நின்னுபோச்சு" என்றான் சிரில், குறைபட்டுக்கொண்டு.

வினிஃப்ரட் ஹாலம் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தபால் ஆபீசிலிருந்து நேராக வந்தவள், சாப்பாட்டு மேசைமேல் விரித்துக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தபடியே நின்றாள். முதல் பதினோரு பக்கங்களின் ஓரங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சுற்றிலும் கறுத்த ரொட்டித் துகள்.

"என்ன பண்ணினே?"

"சுத்தம் பண்ணினேன். எவனோ புத்தகம் பூரா பென்சிலால கிறுக்கி வச்சிருக்கான். இரவல் புத்தகமாச்சே, திருப்பிக் குடுக்கறப்ப பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..."

அவள் புருஷன் சிரில் முப்பது வருடமாக ஹாலிஃபாக்ஸ் வீடுகளில் சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறவன். அழுக்கேறிய காகிதத்தைப் பழைய ரொட்டியால் தேய்த்துப் புதிதாக்குவதில் ஊரில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"அந்தக் கிறுக்கலுக்காகத்தான் சிரில், இந்தப் புத்தகத்தையே இரவல் வாங்கினேன்."

அது 1908இல் லண்டனில் ஆறு நாள் நடந்த நாணய, பதக்க ஏலத்தின் பட்டியல். அச்சடித்த பட்டியல் எந்தப் பழைய புத்தகக் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கும். ஆனால் காலஞ்சென்ற க்ரெஸ்விக், ஆறு நாளும் ஏல மண்டபத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது போன விலையையும் வாங்கியவர் பெயரையும் பென்சிலால் குறித்திருந்தார். அப்படிப்பட்ட பிரதி உலகத்தில் இது ஒன்றுதான்.

அவருடைய மகள் மிஸ் க்ரெஸ்விக்குக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெரிய வீட்டை விட்டுவிட்டு இரண்டு அறைக்குக் குடிபோகிறார். அப்பா சேர்த்த அறுநூற்று நாற்பது நாணயப் புத்தகங்களையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை. இந்தப் பட்டியலை இரண்டு பேருக்கு இரவல் தருவார். யார் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பார். முதல் ஆள் நாணயச் சங்கத்தின் துணைத் தலைவர் ஆம்ப்ளர். அவர் அதைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி பாங்கு லாக்கரில் வைத்து, பிரிக்காமலே திருப்பித் தந்தார். இரண்டாவது ஆள் வினிஃப்ரட். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மிஸ் க்ரெஸ்விக் நேரில் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு முடிவைச் சொல்வார். இன்று வியாழன்.

வினிஃப்ரட்டிடம் நாணயங்களையும் பதக்கங்களையும் பற்றி முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. பழைய காசு என்று ஒன்றுகூட இல்லை. முதலில் படிப்பது, பிறகு வாங்குவது என்று இருபத்து மூன்று வயதில் தீர்மானித்திருந்தாள். படிப்பு இன்னும் முடியவில்லை.

"சமையல் புத்தகம் படிச்சே பசியாறிடறீங்க போல, மிஸஸ் ஹாலம்" என்று ஆம்ப்ளர் ஒருமுறை சங்கத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"உங்க பதக்கத்துல ஏழு போலின்னு என்னோட சமையல் புத்தகம்தான் சொல்லுது" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் சமையலைப் பற்றிப் பேசவில்லை.

"மூணு நாள் முழுசா இருக்கு" என்று வினிஃப்ரட் இப்போது தொப்பியைக் கழற்றினாள். "ஆகாத காரியம் ஒண்ணுமில்ல. பென்சில் போனாலும் அழுத்தின தடம் இருக்கும். விளக்கைக் கொண்டா. சாய்ச்சுப் பிடி."

சிரில் சாய்த்துப் பிடித்தான். தடம் இருந்தது, எழுத்தாகத்தான் தெரியவில்லை.

"இன்னும் கிட்டப் பிடி."

இன்னும் கிட்டப் பிடித்தான். நாலாம் பக்கம் லேசாகப் புகைந்தது. வினிஃப்ரட் ஊதி அணைத்தபோது, பக்கத்தின் நடுவில் பிஸ்கட் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருந்தது.

"கிட்டப் பிடின்னு நீதானே சொன்னே?"

"பேசாம இரு. விலையெல்லாம் அச்சுல வந்திருக்கு. சங்கத்து அலமாரியில ஒரு விலைத்தாள் இருக்கு."

அலமாரிச் சாவி ஆம்ப்ளரிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை போன் செய்தாள்.

"எதுக்குங்க அது?" என்றார் ஆம்ப்ளர். அவருடைய குரலில் சந்தேகம் முளைத்திருந்தது.

"க்ரெஸ்விக் குறிப்புகளைப் பத்திச் சின்னதா ஒரு கட்டுரை எழுதறேன். ஞாயித்துக்கிழமை மிஸ் க்ரெஸ்விக் முன்னாடி படிக்கலாம்னு." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அடடே! அப்ப நானும் வந்து கேக்கறேன். நாலு மணிதானே?"

போனை வைத்தாள். சிரில் கேட்டான்: "தர்றாராமா?"

"தர்றார். கூடவே அவரும் வர்றார். இப்ப ஒரு கட்டுரை வேற எழுதணும்."

விலைத்தாளில் விலைகள் இருந்தன, வாங்கியவர் பெயர்கள் இல்லை. பதினோரு பக்கத்தில் நூற்று முப்பத்தொரு பொருள்கள். அத்தனைக்கும் ஆள் வேண்டும்.

அங்கேதான் வினிஃப்ரட்டுக்குத் தெம்பு வந்தது. அவளுடைய முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் வேறு எதைப் பற்றித்தான் பேசின? இந்தத் தங்கப் பதக்கம் 1908 ஏலத்தில் ஃபோதர்கில் வாங்கியது, பிறகு அவர் மருமகனிடம் போனது. இந்த வெள்ளிக்காசு ட்ரென்ச்சர்ட் கையில் இருந்தது. ஒவ்வொரு காசுக்கும் எந்த வீட்டில் பிறந்தது, எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டது என்று கல்யாணத் தரகரைப் போல அந்தப் புத்தகங்கள் சொல்லின. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தொண்ணூற்றேழு பெயர்கள் கிடைத்துவிட்டன.

"மிச்சம் முப்பத்து நாலு?" என்றான் சிரில்.

"அன்னிக்கு மண்டபத்துல இருந்த வியாபாரிங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துட வேண்டியதுதான். நீ படி, நான் எழுதறேன்."

"நாப்பத்தெட்டு. வெண்கலப் பதக்கம். மூக்கு உடைஞ்சது."

"ஃபோதர்கில்."

"அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒன்பது குடுத்துட்டோம் வின்னி. பெண்டாட்டி அடிக்கப் போறா."

"அப்ப வில்லோபி."

"வில்லோபி மூக்கு உடைஞ்சதை வாங்குவானா?"

"சிரில்!"

பன்னிரண்டாம் பக்கம் முதல் மிச்சமிருந்த எழுத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டாள். வலப்பக்கம் சாய்ந்த, குண்டு குண்டான எழுத்து. அதன் வளைவை மட்டும்தான் பார்த்தாள், அதில் யார் பெயர் இருக்கிறது என்று படிக்க நேரமில்லை. முப்பதாவது வரியில் கை பழகிவிட்டது. எழுத்து அச்சாக வந்தது. ஆனால் பென்சில் புதுக் கறுப்பு, காகிதம் புது வெள்ளை. பதினொன்றாம் பக்கத்துக்கும் பன்னிரண்டாம் பக்கத்துக்கும் நடுவில் அறுபது வருடம் பளிச்சென்று தெரிந்தது.

"இது என் வேலை" என்று சிரில் சட்டைக்கையை மடித்துவிட்டான். "ஒட்டுப் போட்ட சுவரைப் பழசாக்கறதுக்கு டீத்தண்ணி. கண்டே பிடிக்க முடியாது."

கண்டுபிடிக்க முடிந்தது. பதினோரு பக்கமும் இப்போது மற்றவற்றைவிட நூறு வருடம் மூத்துத் தெரிந்தன. அதோடு அப்பளம் மாதிரி நெளிந்தும் போயின. முன்னூற்றுப் பன்னிரண்டில் கனமான இருபதைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, வினிஃப்ரட் கட்டுரை எழுத உட்கார்ந்தாள்.

ஞாயிறு நாலு மணிக்கு மிஸ் க்ரெஸ்விக் வந்தார். சிறிய உருவம், பெரிய பூதக்கண்ணாடி. காரை ஓட்டி வந்தது அவருடைய தம்பி மகள் ஹிலரி. ஐம்பதை ஒட்டிய பெண். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, சிரில் நீட்டிய கேக்கை மறுக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தாள். ஆம்ப்ளர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து, நல்ல நாற்காலியைப் பிடித்திருந்தார்.

வினிஃப்ரட் கட்டுரையைப் படித்தாள்.

"இந்தக் கையெழுத்துல ஒரு குழந்தையோட கள்ளமில்லாத தன்மை இருக்கு. கண்ணால பாத்ததைத் தவிர ஒரு எழுத்துகூட இவர் எழுதலைன்னு பாத்ததுமே தெரியுது..."

ஹிலரிக்குப் புரையேறியது. சிரில் தண்ணீர் கொடுத்தான். மிஸ் க்ரெஸ்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புத்தகத்தை நான் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் ஆம்ப்ளர். "என்கிட்ட இருந்தப்ப பத்திரம் கருதிப் பிரிக்கவேயில்ல."

நடுவில் திறந்தார். நெற்றி சுருங்கியது. முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"கிளெக். மர்கட்ராய்ட். சட்க்ளிஃப். யாருங்க இவங்கல்லாம்? இந்தப் பேர்ல நாணயம் சேர்த்த ஆளே கிடையாது. முதல் பதினோரு பக்கம் சரியா இருக்கு. ஃபோதர்கில், ட்ரென்ச்சர்ட், எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. மன்னிக்கணும், மிஸ் க்ரெஸ்விக். அதுக்கப்புறம் எழுதினது பூரா புளுகு."

ஹிலரி கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டாள்.

வினிஃப்ரட் எழுந்தாள். புத்தகங்கள் போனால் போகட்டும். செத்துப்போன மனிதர் மேல் பழி விழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "மிஸ் க்ரெஸ்விக், உங்க அப்பா மேல தப்பில்ல. அந்த முதல் பதினோரு பக்கம்..."

"நீங்க உக்காருங்கம்மா." மிஸ் க்ரெஸ்விக் கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "முதல் பதினோரு பக்கம் டீக்கறை. எனக்குத் தெரியாதா? முதல் நாள் எங்கப்பாவுக்குக் கை உதறியிருக்கும். மிஸ்டர் ஆம்ப்ளர், எங்கப்பா புளுகறவரா?"

"நான் அப்படிச் சொல்ல வரல..."

"அப்படித்தான் சொன்னீங்க. ரெண்டு வாரம் வச்சிருந்து ஒரு பக்கம் புரட்டல, இப்ப வந்து புளுகுங்கறீங்க. ஹிலரி, நாளைக்கே லாரிக்குச் சொல்லு. அறுநூத்து நாப்பதும் மிஸஸ் ஹாலம் வீட்டுக்கு. இந்தப் பட்டியலையும் அவங்களே வச்சுக்கட்டும்."

ஆம்ப்ளர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. சிரில் உடனே புத்தக அலமாரிக்காக மாடி அறையின் சுவரை அளக்கப் போய்விட்டான்.

மிஸ் க்ரெஸ்விக்கைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும், வினிஃப்ரட் ஹிலரியின் கையைப் பிடித்தாள். ஜெயித்துவிட்டாள், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பதினோரு பக்கமும் நான் எழுதினது. பழசு அழிஞ்சு போச்சு. நீங்களே பக்குவமா உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க. புத்தகம் வேண்டாம்னாலும் பரவாயில்ல."

ஹிலரி காருக்குள் பார்த்தாள். அத்தை கண்ணாடி ஏற்றிய ஜன்னலுக்குப் பின்னால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். ஹிலரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க, மிஸஸ் ஹாலம். தாத்தாவோட பிரதியை நான் பன்னண்டு வயசுல கால்வாய்க்குள்ள போட்டுட்டு, கடையில வேற ஒண்ணு வாங்கி நானே எழுதி வச்சேன். அந்தக் கிளெக்கும் மர்கட்ராய்டும் என் கிளாஸ் பொண்ணுங்களோட அப்பாங்க."