செத்த நேரம் கழித்து வந்த தூக்குவாளிகள்

இராஜபாளையம்
ஆவணி, 1998

மதிப்பிற்குரிய மச்சான் வீரணன் அவர்களுக்கு,

நேற்று மாலை 4.37க்கு அத்தை போனில் செய்தி சொன்னார்கள். இசக்கி கண்ணை மூடிய பின், அவள் இருந்த இடத்துக்கு அவள் தங்கை முத்துப்பேச்சியை எனக்குக் கட்டிவைக்க முடிவாகிவிட்டதாம். மற்றபடி இங்கு நான் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். திருவில்லிபுத்தூரில் நீங்கள் எல்லாரும் எனக்காகச் சமைத்துக்கொண்டே இருப்பதாக அறிகிறேன்.

மில்லில் என்ன வேலை என்று கேட்பீர்களே. நூல் அறுந்த மெஷின்களின் பட்டியல் கம்ப்யூட்டரில் சங்கிலி மாதிரி கிடக்கும். பல புரோகிராம்கள் ஒரே சமயத்தில் அதில் கை வைக்கும். ஒன்று கை வைக்கையில் மற்றது வராதபடி பூட்டுப் போட்டால் வேலை நின்றுபோகும். அதனால் ஒரு ஏற்பாடு: முன்னே பார்த்தபடியே இருக்கிறதா என்று மாற்றுகிற அந்த நொடியில் பார், இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் திரும்பப் போய் முதலிலிருந்து பார்.

நம் வீட்டார் முதலில் பார்ப்பதோடு சரி. அத்தை என் வீட்டு ஜன்னல் வழியே பார்த்து, அடுப்பு எரியவில்லை என்று பஸ் ஏறிப் போய்ச் சமைத்து வருவதற்குள் பரிபூரணம் சித்தி ஒரு வாளி, மாரிச்சாமி மாமா ஒரு வாளி சாப்பாடு வைத்துவிடுவார்கள். "வாளி இருந்தா வைக்காதீக, செத்த நேரம் கழிச்சு வாங்க"ன்னு நான்தான் சொன்னேன். மூவரும் எதிர் டீக்கடையில் ஒரே செத்த நேரம் உட்கார்ந்து, ஒன்றாக எழுந்து, வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"ஏலே மாரிச்சாமி, நீதான் போயேம்லே!" என்றார்கள் அத்தை.

"நீங்க போங்க மதினி, ரசம் ஆறுது!"

மறுபடி டீக்கடை, மறுபடி முட்டல். அப்போதுதான் என் புரோகிராம்கள் ஏன் திணறுகின்றன என்று உறைத்தது. மாற்ற முடியாமல் தோற்றவையெல்லாம் ஒரே அளவு காத்திருந்து ஒன்றாகவே திரும்ப வருகின்றன. ஒவ்வொன்றையும் தோற்கத் தோற்க வெவ்வேறு நேரம் காக்க வைத்தேன். ஓடுகிறது. மானேஜர் கை கொடுத்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"ஒறவு விட்டுப்போயிரக் கூடாதுய்யா மாப்ளே"ன்னு அத்தை போனில் அழுதாக. மச்சான், பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்தாலும் 'போய்விட்டது' என்று குறிதான் போடுவோம். யாராவது இன்னும் அதைப் படித்துக்கொண்டிருந்தால் இடத்தை வேறெதற்கும் கொடுக்க மாட்டோம். இசக்கியை நான் இன்னும் படிச்சு முடிக்கல. கல்யாணம் வேண்டாம். அதில்லாமலும் அத்தைக்கு நான் மாப்பிள்ளைதான்.

அத்தைக்கு என் கும்பிடு. முத்துப்பேச்சி மனசுக்குப் பிடித்த இடத்தில் வாழட்டும். இனி யாரும் சாப்பாடு கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
வைகுண்டராஜ்

பி.கு.: மில் இரண்டு நாள் லீவு. வீட்டில் சத்தமே இல்லை. மேலே எழுதியதில் கல்யாணம் வேண்டாம் என்றதைத் தவிர மற்றதை விட்டுவிடுங்கள். எல்லாரையும் வாளிகளோடு ஒன்றாகவே அனுப்புங்கள், முட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. எப்போது வரலாம் என்று கேட்க வேண்டாம். போன் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.