இருந்தபடியே வணக்கம்

இரண்டு நாள் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழைப்போல ஆபத்தான பொருள் உலகில் இல்லை. பெற்றோலைக்கூட நான் அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

அப்படியொரு சான்றிதழோடு, வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் ஏழு வான்கள் வைத்திருந்த விநியோகக் கம்பனி ஒன்றுக்குப் பாதுகாப்பு அதிகாரியாகப் போனேன். சுகாதாரம், சுற்றாடல் எல்லாம் என் தலையில். (இரண்டாம் நாள் வகுப்பில் நான் நித்திரை கொண்டது அவர்களுக்குத் தெரியாது.)

துறைமுகப் பக்கம் சரிந்த ஒடுக்கமான யார்ட் அது. உள்ளே நிற்கும் வானை எடுக்க முன்னால் நிற்பதைத் தள்ளவேண்டும். அதனால் எதையும் கியரில் விடமாட்டார்கள். சில்லுக்கு முட்டாக ஒரு செங்கல், அவ்வளவுதான். எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்று பார்க்க, பெரிய வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாக இருந்தது. ஒப்பந்தம் போனால் பாதிச் சாரதிகளுக்கு வேலை போய்விடும். முதல்நாள் யார்டைக் கழுவி, தரை காயட்டுமென்று வான்களைத் தெருவில் விட்டு, செங்கற்களை லொறியில் ஏற்றி அனுப்பினேன். தலைமைச் சாரதி பெனடிக்ற் அண்ணை தலையைச் சொறிந்தார்.

“சேர், உந்தக் கல்லுகள்...”

“கல்லுக் கதை வேண்டாம் அண்ணை. சுற்றாடல்!”

மறுநாள் வான்கள் வரிசையாக வந்து நின்றன. அதிகாரியின் கார் கீழே, கேற்றடியில். சாரதிகள் ஒருவரும் இறங்கவில்லை.

“இறங்கி மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லுங்கோ!”

“இருந்தபடியே சொல்லுறம் சேர்,” என்றார் பெனடிக்ற் அண்ணை. ஏழு சன்னல்களில் ஏழு கும்பிடு. ஏழு வலது கால்களும் பிரேக்கில் இருந்தது எனக்கு எங்கே தெரியும்?

“மரியாதை தெரியாதே? நீங்கள் முதல் இறங்குங்கோ!”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு இறங்கினார். வானும் புறப்பட்டது.

கோபித்துக்கொண்டு போகும் மாமியாரைப்போல, மெதுவாக, திரும்பிப் பாராமல், காரை நோக்கிப் போனது. அண்ணை திரும்ப ஏறப் பார்த்தார்; கதவு இறுகிப்போய்த் திறக்கவில்லை. நான் ஓடிப்போய் முதுகைக் கொடுத்தேன். (இதையும் வகுப்பில் கூடாது என்றிருப்பார்கள்.) வான் என்னையும் கூட்டிக்கொண்டு போனது.

“பைலைப் போடுங்கோ சேர்! சில்லுக்கு!” என்று கத்தினார் அண்ணை.

அதிகாரிக்குக் காட்டவென்று கையில் வைத்திருந்த, ஆறு மாதப் பரிசோதனைப் படிவங்கள் கொண்ட தடித்த பைல். போட்டேன். காருக்கு ஒரு முழம் இருக்கையில் வான் நின்றது.

அதிகாரி குனிந்து ஒரு தாளை உருவினார். சில்லுத் தடத்தின் கீழே என் கையெழுத்து: ‘ஹேண்ட் பிரேக் – சரி’.

“இது பார்த்துப் போட்ட சரியோ, பாராமல் போட்ட சரியோ?”

எல்லாச் சாரதிகளும் என்னையே பார்த்தார்கள். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“பாராமல், மிஸ்.”

“அப்பாடா, ஒரு உண்மையாவது வந்துதே,” என்று ஒரு மாதத் தவணை தந்தார். ஏழு ஹேண்ட் பிரேக்கையும் திருத்தி, ஒவ்வொன்றையும் நானே இழுத்துப் பார்த்தேன். ஒப்பந்தம் தப்பியது.

அந்த யார்டில் இப்போது மாடிவீடு. துறைமுகக் காற்றும் டீசல் வாசமும் பெனடிக்ற் அண்ணையின் நையாண்டியும் கலந்த அந்தக் காலைகளுக்காக இன்றும் மனம் ஏங்கும். ஆனால் கதை மட்டும் வெள்ளவத்தை வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. காஸைப் பூட்டிவிட்டேன் என்றாலே மனைவி அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

சென்ற வருடம் மகளின் விவாகப் பதிவில் சாட்சிக் கையெழுத்திடக் குனிந்தேன். மணப்பெண் காதோடு கேட்டாள்: “அப்பா, பார்த்துத்தான் போடுறீங்களோ?”

நிமிர்ந்து, மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை இன்னொருதரம் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். பாவம், பொடியனுக்கு வேர்த்துவிட்டது.