உள்ளங்கால் பார்க்கும் கண்ணாடி அண்ணன்

முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிறவர்கள் உண்டு; நடையைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. உள்ளங்காலைப் பார்த்து ஆளைச் சொல்லும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஒரகடத்தில் எங்கள் கம்பெனியின் இரண்டாவது கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். நம்ப மாட்டேன் என்கிறவர்கள் அவர் முன்னால் ஒருமுறை ஷூவைக் கழற்றிப் பார்க்கட்டும்.

அவர் பெயர் சட்டையில் குத்தியிருக்கும். யாரும் அதைப் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் 'கண்ணாடி'. கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி அல்ல. உள்ளே வரும் லாரிக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார்களே, நீளக் கம்பியின் நுனியில் வட்டமாக, சின்னச் சக்கரம் வைத்து, அந்தக் கண்ணாடி. அப்போதெல்லாம் அது அவர் கையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

கண்ணாடிக்குச் சுகர் வந்து வெகு காலம். ஒருநாள் ஷூவுக்குள் ஒரு நட்டு விழுந்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால், மனுஷன் ஷிப்ட் முழுக்க அதன்மேலேயே நடந்திருக்கிறார். கடைசியில் சுண்டுவிரல் போயிற்று. அதைக்கூடச் சோகமாகச் சொல்ல மாட்டார். "கால்ல ஒம்போது பேரு டூட்டில கீறாங்க தம்பி. ஒருத்தரு வாலன்டரி ரிட்டயர்மென்ட்" என்பார். அன்றிலிருந்து தினமும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்ப்பது எப்படி? தொப்பை குனிய விடாது, முட்டி மடங்காது. அப்போதுதான் கையிலிருந்த கம்பி கண்ணில் பட்டிருக்கிறது.

"லாரிக்கு அடியில இன்னா கீதுன்னு பாக்கறோம். நம்ம அடியில இன்னா கீதுன்னு பாக்க வேணாமா?"

நான் டெஸ்பாட்ச் செக்ஷன். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எனக்குச் சுகர் என்று தெரிந்தபோது, என் மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. நாற்பது வயதில் சுகர் என்றால் பார்க்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்களே, அந்தப் பாவம் எனக்கு ஆகாது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட்டில் பையைச் சோதித்த கண்ணாடி உள்ளே இருந்து மாத்திரை அட்டையை உருவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சொந்த ஊர்க்காரனைச் சந்தையில் பார்த்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்தது.

"அட! நம்ம மாத்திரை! நம்மாளாப்பா நீ!"

எனக்குப் பின்னால் பஸ்ஸுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் நின்றது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாலாம் இல்ல. ஷூ கழட்டு."

ஏதோ பார்ட்ஸைத் திருடி ஷூவுக்குள் வைத்துவிட்டேன் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. ஒருத்தன் போனை எடுத்து வீடியோ பிடித்தான். கேன்டீன் செல்வி நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, நல்ல மனுஷன்னு நெனச்சேனே!" என்றாள். கண்ணாடி என் பாதத்துக்கு அடியில் கம்பியை நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பி, தீர்ப்பு சொன்னார்: "ஓட்டை சாக்ஸுலதான் கீது, கால்ல இல்ல. பாஸு, போ."

மறுநாள் காலைக்குள் கம்பெனி முழுக்க என் சுகர் பரவிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டாவது கேட்டையே மிதிப்பதில்லை என்று சபதம் போட்டு, காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு முதல் கேட் வழியாகப் போய்வந்தேன். அந்த நடையில் சுகர் குறைந்துவிட்டது. "பாத்தியா, எல்லாம் நம்ம வேலை" என்று அதற்கும் அவரே மார்தட்டிக்கொண்டார்.

ஆனால் ஒன்று நடந்தது. என் மானம் போன பிறகு, ஒவ்வொருவராக என் காதருகே வந்தார்கள். முதலில் வந்தது செல்வி. எல்லோருக்கும் கேசரி அள்ளிப் போடுகிறவள், "எனக்கும்தான் சார் சுகர். கரண்டிய நக்கியே வந்திச்சோ என்னவோ" என்றாள். அடுத்தது தென்காசிப் பக்கத்து வெல்டர் மாரி. "எனக்கும் இருக்கு சார். ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஒரு பய பொண்ணு தரமாட்டான் பாத்துக்கிடுங்க" என்றான். சபதத்தைக் காற்றில் விட்டு, எல்லோரையும் நான் கண்ணாடியிடம் இழுத்துக்கொண்டு போனேன். அகப்பட்டது நான் மட்டும் என்றால் எப்படி?

அப்புறம் தினமும் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டு சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுவோம். கண்ணாடி கம்பியை உருட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் அந்தப் பக்கம் வந்த மேனேஜர் திகைத்துப்போய், "என்னய்யா நடக்குது இங்க?" என்றார்.

"வண்டி செக்கிங் சார். அல்லாம் சுகர் வண்டி."

அவர் பெரிய சித்தர் என்று நினைத்துவிட வேண்டாம். மைசூர்பாகு என்றால் உயிர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பேக்கரி வாசலில் நின்று, "டேய், வேணாண்டா. வூட்டுக்குப் போடா. சொன்னா கேக்க மாட்ட?" என்று தன்னைத்தானே உரக்கத் திட்டிக்கொள்வார். கடைக்காரர் பரிதாபப்பட்டு, நின்றுகொண்டே திட்ட வேண்டாம் என்று ஒரு ஸ்டூலே போட்டுவிட்டார். இன்னொரு சமயம் பாகற்காய் ஜூஸை நம்பி மாத்திரையை விட்டுவிட்டுப் படுத்த படுக்கையாகி, நர்ஸம்மாவிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எழுந்து வந்ததும் எங்களிடம், "ஜூஸு குடி, வாணாங்கல. மாத்திரைய வுட்டீன்னா கொன்னுடுவேன்" என்றார். அதே மனுஷன்தான், சாப்பிடாமல் ஓ.டி. பார்த்து வேர்த்து விறுவிறுத்து நின்ற மாரியின் வாயில் தன் சட்டைப் பையிலிருந்த மிட்டாயைத் திணித்தார். "சுகர் எறங்கிச்சுன்னா இதாண்டா மருந்து. மத்த நேரம் கேட்டா உதைதான்."

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். டூட்டி முடிந்து நேராக வந்திருப்பார் போலிருக்கிறது, யூனிபார்மோடு ஐஸ்கிரீம் கவுன்ட்டர் பக்கத்தில் நின்றார். எங்களுக்குத் தெரியாது. கப்போடு திரும்பினால் எதிரே கண்ணாடி! மாரி அப்படியே முழுங்கிவிட்டுப் பல் கூசித் துள்ளினான். செல்வி தன் கப்பைப் பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெரியவர் கையில் திணித்துவிட்டாள். அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்கும் சுகர். அரைமணி நேரத்தில் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தார்.

இப்படி ஜேஜே என்று போய்க்கொண்டிருந்தபோது புது செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். "இது வண்டிக்கு வாங்கின கண்ணாடி. மனுஷன் காலுக்கு இல்ல" என்று ஒரே வார்த்தை. லாரி வந்தால் மட்டும் வெளியே எடுத்து, உடனே உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். கண்ணாடி கம்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எங்களைக் கூப்பிட்டு, "ஜோடி போட்டுக்குங்க. நீ அவன் கால பாரு, அவன் உன் கால பாக்கட்டும்" என்றார்.

"உங்க கால யாருண்ணே பாப்பாங்க?"

"எனக்கு இன்னா? வூட்டுக்காரி கீறா."

வீட்டுக்காரி அப்போது மகளின் பிரசவத்துக்காக ஆரணிக்குப் போயிருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் செல்வி அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கேட் ரூம் தரையில், அவர் மிதித்த இடமெல்லாம் ஈரம்.

"அண்ணே, கால்ல இன்னாது?"

"டீ கொட்டிகினு கீது."

டீ அந்த நிறத்தில் இருக்காது. நாங்கள் அவரைப் பிடித்து உட்காரவைத்தோம். ஷூவில் கை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டார். "ஏய், பெரியவன் கால தொடாதீங்கடா! ஆபீசருக்குத் தெரிஞ்சா கேட்ட வுட்டுத் தூக்கிடுவான்டா!" அந்த மனுஷன் பயந்து நான் பார்த்தது அன்றுதான். மாரி அவர் தோளை அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் கயிற்றை அவிழ்த்தேன். ஷூவுக்குள் ஒரு ஜல்லித் துண்டு. பாதத்தில் அது புதைந்திருந்த குழி. செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண்ணைப் பார்த்த டாக்டர், "பாதத்தைக் காப்பாத்தப் பார்க்கிறோம். இப்போ உறுதி சொல்ல முடியாது" என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் பட்ட பாடு! கால் தரையில் படக் கூடாது. முறை போட்டுக்கொண்டு மணிமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போவோம். ஆரணியிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி எங்கள் முன்னாலேயே வெடித்தார். "ஊரு கால எல்லாம் பாத்த மனுஷன்! தெனம் வீடியோ கால்ல பேசினியே, ஒரு வாட்டி கால காட்டக் கூடாதா?"

கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டார். "நீ பொறந்த கொழந்தைய காட்டற. அத்தப் பாக்கற நேரத்துல நான் கால காட்டினா நல்லாவா இருக்கும்?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமும் வந்தது. இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது?

ஆபீசர் அவரைத் தூக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, கால் தேறும்வரை உட்கார்ந்து பார்க்கிற டூட்டியாக மாற்றிக்கொடுத்தார்; அவரும் மனுஷர்தானே. புண்ணின் குழி மெல்ல மெல்ல நிரம்பி, கடைசியில் மூடிக்கொண்டது. இனிக் கட்டு வேண்டாம், ஜாக்கிரதையாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மாரி ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிலடித்தான்.

இதற்கு நடுவில் நான் மணிமங்கலம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் வாயில் வந்தது சர்க்கரைப் பொங்கல். சுகர்காரன் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா அது என்று என் மனைவி சிரித்தாள். வேண்டியாயிற்று, படைத்தும் ஆயிற்று. தூக்குச் சட்டியோடு கேட்டுக்குப் போனேன்.

"இன்னாபா இது அக்கிரமம்?"

"பிரசாதம் அண்ணே. வேண்டுதல்."

பிரசாதத்தை மறுக்கக் கூடாதே. கடுகளவு எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் கடுகளவு கொடுத்தார். மிச்சத்தை லாரி டிரைவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"வீட்ல ஒருத்தருக்கு."

"இப்ப எப்பிடி கீறாரு?"

"நல்லா நடக்கறாருண்ணே."

"ஒழுங்கா மாத்திரை துன்னச் சொல்லு. பேஜாரு புடிச்ச ஆளா இருப்பாரு" என்றபடி எழுந்து, வந்த லாரியைப் பார்க்க நடந்துபோனார்.

வீட்டில் ஒருத்தர் என்று நான் சொன்னது பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.