வாளேந்திய வள்ளல்

ஒருவருக்கு ஒரு விஷயத்தில் ஆர்வம் இருந்தால் ஊர் அவரைக் கலைஞர் என்று சொல்லும். இரண்டு விஷயத்தில் இருந்தால் சும்மா இருக்கத் தெரியாத ஆள் என்று சொல்லும். மூன்று இருந்தால் அவர் கையில் எந்தக் கட்டடத்தின் சாவியையும் கொடுக்கக் கூடாது. எனக்குப் படம், புத்தகம், பாட்டு என்று மூன்றும் இருந்தன. விவரம் தெரியாமல் திருநகர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். உலகத்தைத் திருத்த வந்தவள் என்ற நினைப்பு முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். (பழைய அடையாள அட்டையில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.)

நூலகத்தில் இருப்பவள் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூசி தட்டுவதுதான் வேலை. தூசி தட்டியது போக மீதி நேரத்தில் புத்தகத்தைத் தேட வேண்டும். அது லேசுப்பட்ட காரியம் இல்லை, காரணம் பைண்டிங். கிழிந்த புத்தகங்களைக் கட்டுக் கட்டாக பைண்டிங்குக்கு அனுப்புவோம். அழகழகான அட்டைப் படங்களோடு போகிறவை, திரும்பி வரும்போது ஒரே அரக்கு நிற ரெக்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். கொலைக் கதைக்கும் கோழி வளர்ப்புக்கும் வித்தியாசம் தெரியாது. கோழி வளர்ப்பு கேட்ட ஒருவர் அவசரத்தில் கொலைக் கதையை எடுத்துப் போய்விட்டார். (திருப்பிக் கொடுக்கும்போது, “கோழியப் பத்தி ஒண்ணுமே வரலையேம்மா, ஆனா விறுவிறுப்பா இருந்துச்சு” என்றார்.)

இந்த இடத்தில்தான் என்னுள் இருந்த ஓவியக்காரி விழித்துக்கொண்டாள். பைண்டிங் ஆகி வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் நானே ஒரு அட்டைப் படம் வரைந்து ஒட்டுவது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததைச் செய்வதுதான் அன்றைக்கு எனக்குச் சேவை.

சிக்கல் என்னவென்றால், எனக்கு மனதிலிருந்து முகம் வரையத் தெரியாது. ஆளைப் பார்த்துத்தான் வரைய வரும். அதற்கு நூலகத்தைவிட நல்ல இடம் உண்டா? பேப்பர் படிக்கிற மனிதர் அளவுக்கு அசையாமல் உட்காரும் ஆள் ஓவியக் கல்லூரியிலும் கிடைக்கமாட்டார். வழக்கமாக வரும் வாசகர்களை ஒவ்வொருவராகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து வரைந்து தள்ளினேன். ரைஸ்மில் கணக்கர் சித்த மருத்துவ நூலில் சித்தர் ஆனார். சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டே உள்ளே வரும் ஒரு டீச்சர், சுயமுன்னேற்றப் புத்தகத்தில் மன அமைதியோடு புன்னகைத்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்களை மட்டும் வரைய முடியவில்லை. அவர்களுக்கு முகம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது, தலை எப்போதும் கைடுக்குள் இருக்கும்.

ஒரு துப்பறியும் நாவலுக்குக் கொலைகாரன் தேவைப்பட்டான். கோவர்த்தனன் ஐயா எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஐயா யாரென்று சொல்ல வேண்டும். பட்டுச் சேலை வியாபாரத்தில் இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். நூலகம் இருந்ததே அவர் வீட்டின் முன்பகுதியில்தான், அவருடைய அப்பா காலத்திலிருந்து வாடகையில்லாமல். காலையில் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். நேராக இரங்கல் விளம்பரப் பக்கத்துக்குப் போவார். புருவத்தைச் சுருக்கி, ஒவ்வொரு படமாக உற்றுப் பார்த்து அவர் தலையாட்டுவதைப் பார்த்தால், கொடுத்த வேலை ஒழுங்காக முடிந்ததா என்று சரிபார்ப்பது போலவே இருக்கும். அந்த முகத்தை விடுவேனா? வரைந்தேன். கையில் ஒரு கத்தி கொடுத்தேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்று, மழித்த முகத்துக்குக் கெட்டியாக ஒரு மீசை வைத்தேன். என் மூளை அம்புட்டுத்தான் வேலை செய்தது.

மூன்றாவது ஆர்வம் பாட்டு. வீடியோ பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட புல்லாங்குழல். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு இசை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. (ஏன் என்று கேட்காதீர்கள்.) நானே வாசித்து போனில் பதிவு செய்துவைத்தேன். சித்தருக்கு ஒன்று, மன அமைதிக்கு ஒன்று, கொலைகாரனுக்கு ஒன்று. கொலைகாரன் இசையைக் கேட்ட என் அம்மா, பின்கதவு வழியாகப் பூனை வந்துவிட்டது என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஐயாவின் மகன் இடத்தைக் கேட்கிறார் என்ற செய்தி வந்தது. டவுனில் இருந்து ஒரு செல்போன் ஷோரூம் பார்ட்டி வந்து பார்த்திருக்கிறார்கள், நல்ல வாடகை சொல்லியிருக்கிறார்கள். ஐயா இன்னும் முடிவு சொல்லவில்லை. அவர் சரி என்றால் எங்களுக்கு வாடகையில்லாமல் இன்னொரு இடம் யாரும் தரப்போவதில்லை. புத்தகங்கள் சாக்கில் கட்டி எங்காவது ஒரு கிட்டங்கிக்குப் போகும். கரையான் முழுசாகப் படித்து முடித்துவிடும். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. அந்த நூலகம் எனக்கு உயிர்.

எங்கள் வாசகர் வட்டத் தலைவர் சோலைமலை அண்ணன். டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவர் கடைசியாக எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மைக்கைப் பார்த்தால் விடமாட்டார். அவர்தான் யோசனை சொன்னார்.

“தங்கச்சி, ஐயாவைக் கூப்பிட்டு ஒரு விழா எடுப்போம். பொன்னாடை போத்துவோம். நாலு பேரு முன்னாடி வள்ளல்னு சொல்லிட்டா, அப்புறம் மனுசன் காலி பண்ணுன்னு வாயத் தொறப்பாரா?”

“அப்படியே நம்ம அட்டைப் படக் கண்காட்சியும் வச்சிருவோம்ணே” என்றேன். யாரும் கேட்கவில்லை.

விழா என்றால் மதுரையில் ஃபிளெக்ஸ் இல்லாமல் முடியுமா? காது குத்துக்கே ஆள் உயரத்துக்கு வைப்பார்கள். எதிர்த்த வரிசையில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்த பாண்டியிடம் வேலையைக் கொடுத்தோம். நான் என் அட்டைப் படங்களை எல்லாம் போனில் அனுப்பி, ஓரத்தில் சின்னச் சின்னதாகப் போடச் சொன்னேன். சோலைமலை அண்ணன் போன் பண்ணி, “ஐயா படத்த நடுவுல பெருசாப் போட்டுரு, கீழ ‘எங்கள் வள்ளலே வருக வருக’ன்னு போடு” என்று சொல்லிவிட்டார். ஐயாவின் போட்டோவை நான் அனுப்புவேன் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன் அனுப்புவார் என்று நான் நினைத்தேன்.

விழா அன்று சாயங்காலம் நான் உள்ளே கயிறு கட்டிப் புத்தகங்களை கிளிப்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பாண்டி ஏணி போட்டுக் கட்டும் சத்தம் கேட்டது.

“நல்லா வந்திருக்கா பாண்டி?” என்று உள்ளேயிருந்தே கேட்டேன்.

“அள்ளுதுக்கா” என்றான்.

சோலைமலை அண்ணன் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று வெளியே போனேன்.

கட்டடத்தின் நெற்றி முழுக்க கோவர்த்தனன் ஐயா நின்றுகொண்டிருந்தார். என் படம். என் மீசை. புருவம் சுருக்கி, கொல்லப் போகிறவனின் பார்வை. கத்திக்குப் பதிலாகக் கையில் வீச்சரிவாளுக்கு அண்ணன் மாதிரி ஒரு நீண்ட வாள் பளபளத்தது. பின்னால் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிங்கம். கீழே, எங்கள் வள்ளலே வருக வருக.

ஏணிப் பக்கம் ஓடினேன். “பாண்டி, என்னடா இது?”

“நீங்க அனுப்புனதுல ஐயா படம் இது ஒண்ணுதானக்கா இருந்துச்சு” என்றான், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டே. “மீச வச்சா எனக்குத் தெரியாதா? தெனம் பாக்குற மொகம்.”

“வாள் எங்கருந்துடா வந்துச்சு?”

“கத்தி சின்னதா இருந்துச்சு, கெத்தா இல்ல. அதான் மாத்திட்டேன். நம்ம ஊர்ல வாள் இல்லாம இப்ப யாருக்கா பேனர் அடிக்கிறா? சிங்கத்துக்குக் காசு வேணாம், அது நம்ம அன்பளிப்பு.”

கழற்றச் சொன்னேன். இறுக்கிக் கட்டியதால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அரிவாள்மணை கிடைக்குமா என்று கேட்டபடி கடைக்குப் போனான். நல்ல இசையைப் போட்டால் சூழல் கொஞ்சம் இளகும் என்று என் கலைமனம் சொன்னது. ஒலிபெருக்கியில் போனைச் செருகி, மன அமைதி இசையை அழுத்தினேன். பதற்றத்தில் விரல் ஒரு வரி கீழே பட்டுவிட்டது. என் கொலைகாரப் புல்லாங்குழல் தெரு முழுக்க ஊளையிட ஆரம்பித்தது.

அதை நிறுத்தப் போன நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வெள்ளையும் சொள்ளையுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். பேனரைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சோலைமலை அண்ணனிடம் வந்து மெதுவாக, “இது யாருங்க?” என்று கேட்டார்.

அண்ணனுக்குப் புகழ ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் போதும். “ஐயாவத் தெரியாதா? இந்த ஏரியாவுல அவரு வச்சதுதான் சட்டம். ஒண்ணு சொல்லிட்டார்னா மறுபேச்சுக் கிடையாது. அவர் பேச்ச மீறி இந்தத் தெருவுல இதுவரைக்கும் ஒருத்தன் கடை போட்டதில்ல.”

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். யாரோ வாசகர்கள் போல, பாவம் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பாண்டி அரிவாள்மணையோடு வருவதற்குள் ஐயாவின் ஆட்டோ வந்துவிட்டது, கூடவே அவர் மனைவியும். தங்கள் பட்டுக் கடையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஐயா இறங்கி அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். புல்லாங்குழல் ஓய்ந்தபாடில்லை. அந்த அம்மா தங்கள் வீட்டு மொழியில் ஐயாவிடம் என்னவோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் எனக்காகத் தமிழில் சொன்னார்: “எங்க கல்யாண போட்டோவுல அச்சு அசலா இந்த மீசதாம்மா. நீ எங்க பாத்த?”

நான் அடையாளத்தை மறைக்க வைத்த மீசை அது.

ஐயா உள்ளே வந்தார். கிளிப்பில் தொங்கிய புத்தகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, தன் முகம் இருந்த புத்தகத்தின் முன் நின்றார். கையில் எடுத்தார்.

“ஏம்மா, இதுல நான் யாரக் கொன்னேன்?”

“மூணு பேர ஐயா.”

“எதுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். நான் அந்தப் புத்தகத்தை ரசித்துப் படித்தவள். “ஒரு இடத்துக்காக ஐயா” என்றேன்.

அவர் மேடையில் போய் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். சோலைமலை அண்ணன் அவரைப் பாரி என்றார், கர்ணன் என்றார். ஐயா நிமிரவில்லை. பொன்னாடை போர்த்தும்போதுகூட ஒரு விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குனிந்தார். கடைசியில் மைக்கைக் கொடுத்தார்கள். வாசலைப் பார்த்தார்.

“நான் வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்” என்றார். “வர வேண்டியவங்க வரல. அதனால இப்பச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் குழல மட்டும் யாராச்சும் நிறுத்துங்க.”

மறுநாள் அவர் மகன் வந்து கத்தியபோதுதான் விஷயம் விளங்கியது. வெள்ளைக் காரில் வந்தவர்கள்தான் ஷோரூம் பார்ட்டி. இடத்தை அவர்களுக்குக் கொடுப்பதாக விழாவிலேயே சொல்லிவிட்டு, நல்லபடியாக விடைபெறலாம் என்று ஐயா மகன் மூலமாக அவர்களை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஐயாவை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. நாங்கள் வள்ளல் என்று கூப்பிட்டவர் எங்களைக் காலி செய்யத்தான் வந்திருந்தார். அவர்களோ, ஆள் பெரிய கை போலிருக்கிறது, வம்பு வேண்டாம் என்று போனையே எடுக்கவில்லையாம். “உங்க படத்தால எங்க குடும்ப மானமே போச்சுங்க” என்றார் மகன். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த இடத்தைக் கேட்டு அதற்கப்புறம் யாரும் வரவில்லை. பேனர் படம் எல்லாருடைய போனிலும் சுற்றியது. ஐயா வீட்டு வாசலில் குறுக்கே வண்டி நிறுத்துவது நின்றுபோனது. டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். முதலில் கூச்சப்பட்டார். பிறகு மீசை வளர்க்க ஆரம்பித்தார். என்னை அவர் மன்னிக்கவில்லை, ஆனால் தினமும் எனக்குத் தோதாக முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்தார், பேப்பரில் பக்கமே புரளாது. பேனரை ஐயா வீட்டம்மா வாங்கிப் போய் மொட்டைமாடியில் விரித்து வத்தல் காயப்போட்டார்.

எனக்குக் கல்யாணமாகி இப்போது திருநகரிலேயே வாடகை வீட்டில் இருக்கிறோம். இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை, எனக்கு மானம் ரோஷம் உண்டு. என் வீட்டுக்காரர்தான் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார். எங்கள் வீட்டு உரிமையாளருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் வாடகையை ஏற்றுவது பற்றிப் பேச வந்து சோபாவில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினால் போதும், இவர் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: “அரசி, சார் நல்ல வெளிச்சத்துல உக்காந்திருக்காரு. பென்சில எடுத்துட்டு வா.”

அவர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார். குடி வந்தபோது கொடுத்த வாடகையைத்தான் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.