அமைதிப் பட்டன்

மூன்றாவது அழைப்புமணியும் தோற்றுப்போனது. போலீஸ் வண்டி மாதிரி அலறும் மணி. இருந்தும், மனைவி வெளியே போயிருந்த அன்று, வேலை முடிந்து வந்த மகன் முக்கால் மணி நேரம் தன் வீட்டு வாசலில் மழையில் நனைந்தான். உள்ளே அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"காதுக்கு மெஷின் வாங்கிடலாம்பா!" என்று கத்தினான்.

"என் காதுக்கு என்ன கேடு? நீங்கதான் வாயைத் திறக்காமலே பேசறீங்க."

பாய்லர் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் சுத்தியல் பிடித்தவர். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார், ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. மெஷின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள் பரிசோதிக்கும் பெண். அப்பா குத்துமதிப்பாகத் தூக்கினார். இரண்டு தடவை, அவள் கருவியைப் போடுவதற்கு முன்பே தூக்கிவிட்டார்.

மகனுக்கு ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் உத்தியோகம். நாள் முழுக்க யார் யாரோ கத்துவதைக் கேட்டு, தேன் தடவிப் பேசி அனுப்புகிறவன். அந்தக் குரலை எடுத்தான்.

"இதைப் போட்டீங்கன்னா, முந்தி மாதிரி நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்பா."

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு, காதைக் காட்டினார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எல்லாமே கேட்டது.

"பாத்ரூம் குழாய் சொட்டுதுடா."

"நடக்கறப்ப உன் முட்டி டொக்கு டொக்குங்குதே, டாக்டரைப் பாரேன்."

"ஏம்மா, பாத்திரத்து மேல உனக்கு என்ன கோவம்?" இது மருமகளுக்கு.

இது போதாதென்று, மகன் செருப்பைக் கழற்றுவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "வா, பேசலாம்னியே!"

பேச என்ன இருக்கிறது? எட்டு மணி நேரம் ஊரார் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு இவர் ஒன்பதாவது மணி நேரம்.

"ஏங்க, பெருமூச்சு விடக்கூட பயமா இருக்கு," என்றாள் மனைவி. "காது கேக்காதப்ப மாமா தங்கமா இருந்தாரு."

மெஷினை இயக்க மகனின் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். சத்தத்தைக் குறைத்தான், மெஷின் பழுதாகிவிட்டது என்று அப்பா அவன் காதருகே வந்து கத்தினார். கூட்டினான், பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு எழுந்து நின்று திட்டினார். பெட்ரூமில் உட்கார்ந்து மேலும் நோண்டியதில், கடைசிப் பக்கத்தில் ஒரு நீலப் பட்டன் அகப்பட்டது. அமுக்கினான்.

கூடத்தில் மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தாள். அப்பா அசையவில்லை.

அவள் ஓடி வந்து கதவைச் சாத்தினாள். "சுத்தமா கேக்கலைங்க!"

அமைதிப் பட்டன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தினமும் சாயங்காலம் பட்டனை அமுக்கி, போனை மெத்தைமேல் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு மனம் விட்டுப் பேசினார்கள்.

"குளிக்கப் போனா ஒரு மணி நேரம்ங்க."

"சாப்பிடறப்ப அந்தச் சப்பு சப்புங்கற சத்தம். எனக்குச் சோறே இறங்கமாட்டேங்குது."

"ஏதாவது ஒரு இல்லத்துல விட்டுடலாமே?"

"நானா சொன்னா நல்லா இருக்காதுடி. அவரா கேட்டா தேவலை."

ஆச்சரியம், அப்பா மாற ஆரம்பித்தார். ஐந்தே நிமிடத்தில் குளித்து வந்தார். தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டில் போய்த் தனியாகச் சாப்பிட்டார். நாற்காலி இழுப்பதையும் விட்டுவிட்டார்.

"பாத்தியா, காது அடங்கினா மனுஷனே அடங்கிடறான்," என்றான் மகன்.

அடுத்த வாரம் அவரே வந்து நின்றார். "முதியோர் இல்லத்துல எனக்கு ஒரு இடம் பாருப்பா."

மகன் ஒப்புக்கு மூன்று தடவை மறுத்தான். நாலாவது தடவை மறுப்பதற்குள் விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது.

போகிற அன்று, ஆட்டோவில் ஏறியவர் மெஷினைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார். "நல்லா கேட்டுச்சுப்பா. போதும்."

கடைசியில் ஒரு வார்த்தை பாராட்டினாரே என்று மகன் நெகிழ்ந்துபோனான். மெஷினைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனபோதும் அதே பூரிப்பு.

"மத்ததை விடுங்க, அந்த நீலப் பட்டன் இருக்கே, அதுக்குக் கோயிலே கட்டலாம்!" என்றான் பரிசோதிக்கும் பெண்ணிடம். "அமுக்கிட்டா அவருக்கு ஒண்ணுமே கேக்காது. பெட்ரூம்ல நாங்க ஒரு மாசம் நிம்மதியா பேசினோம்."

அவள் போனை வாங்கித் திறந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சார், அது காதை மூடற பட்டன் இல்ல. தூரத்துல பேசறவங்க பக்கத்துல போனை வச்சுக் கேக்கறதுக்கு. அதை அமுக்கிட்டா, போன் எங்க இருக்கோ அங்கதான் அவர் காதும் இருக்கும்."