ஒரு குளம்புகூட அனுப்பமாட்டேன், சம்பந்தி

மதிப்புக்குரிய சம்பந்தி அசனாலி அவர்களுக்கு, மலைக்கு இந்தப் பக்கமிருந்து துர்துபெக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், போன வருஷம்வரை என் மகளாக மட்டும் இருந்த தங்கள் மருமகள் நுர்ஜாத்தும், குதிரைகளும், வெள்ளாடுகளும் சுகம்தானே? வெள்ளாட்டைக் கடைசியில் விசாரித்தேனென்று கோபிக்க வேண்டாம், இந்தக் கடிதமே அவற்றுக்காகத்தான்.

இங்கே ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டது. புதிதாக மேய்ச்சலுக்கு வந்து கூடாரம் போடுகிறவரைச் சாப்பிடக் கூப்பிடுவது நம் வழக்கமல்லவா, கூப்பிட்டேன். மனிதர் புளித்த குதிரைப்பால் குமிஸ் நிறைந்த தோல்பையோடு வந்தார், பின்னாலேயே அவருடைய செம்மறிகளும் வந்தன. மூக்கு லேசாக ஒழுகியது. மூக்கு ஒழுகுகிறதே என்று விருந்தாளியின் ஆட்டை யாராவது விரட்டுவார்களா? நாங்கள் உள்ளே சிரித்துக்கொண்டிருக்க, வெளியே எல்லாம் ஒரே தொட்டியில் மூக்கை விட்டுக் குடித்தன. ஆறாம் நாள் என் வெள்ளாடுகளுக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண், கழிச்சல். பதினொன்று போய்விட்டது. மந்தைக்கு முன்னால் நடக்கும் கிடாவும் படுத்துவிட்டது. அது நடக்காமல் செம்மறி நகருமா? மூடுபனியில் நின்று என்னையே பார்க்கின்றன, நானும் அவற்றையே பார்க்கிறேன், பொழுது போவதே தெரியவில்லை.

கால்நடை மருத்துவர் கனிகேய் வந்து எல்லாவற்றுக்கும் மூக்கைத் துடைத்துப் பார்த்தாள். "செம்மறி ரெண்டு தும்மல் போட்டுட்டு எழுந்துரும் அண்ணே, வெள்ளாட்டைத்தான் சாய்ச்சுரும். நல்லா துள்ளிக்கிட்டு இருக்கிறதுகூட உள்ளுக்குள்ள வச்சிருந்து பரப்பும். இங்கேருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாது," என்றாள். பிழைத்த ஆட்டை அது மறுபடி தொடாதாம்.

அதைக் கேட்டபின் மத்தியானம் உட்கார்ந்தபடியே கண் அசந்தேன். கனவில் அந்தக் கிருமி கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மூக்கு மூக்காக ஏறி இறங்குகிறது. செம்மறி வீட்டில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வழி கேட்கிறது. வெள்ளாட்டு வீட்டிலோ கூரையைப் பிரித்துத் தின்கிறது. "எப்பய்யா கிளம்புவீங்க?" என்றேன். "வீட்டுக்காரர் போகச் சொல்லலையே," என்றது. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது, சொல்லுங்கள். ரொட்டியை அதன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆகவே சம்பந்தி, உங்கள் ஆட்டுக்கெல்லாம் உடனே தடுப்பூசி போட்டுவிடுங்கள். என் பெண் அந்த வெள்ளாட்டு முடியை நம்பித்தான் அங்கே வாழுகிறாள். அவளைப் பார்க்க நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது, ஆனாலும் வரமாட்டேன். இங்கிருந்து ஒரு குளம்புகூட அங்கே வராது, இது சத்தியம்.

தங்கள் அடுப்பு அணையாமலும் தொழுவம் நிறைந்தும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
துர்துபெக்

பி.கு.: கடிதம் கொண்டுவரும் தங்கள் தம்பி திலேக் குதிரை ஏறியதும் என் மனைவி அழுதுவிட்டாள். மகள் வீட்டுக்குப் போகிறவரை வெறுங்கையோடு அனுப்புவார்களா என்றாள், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சேணத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியைக் கட்டி அனுப்பியிருக்கிறோம். நல்ல துள்ளல். நீங்கள் இதைப் படிக்கும் நேரம் நுர்ஜாத் அதை முத்தமிட்டு உங்கள் மந்தைக்குள் விட்டிருப்பாள், நினைக்கவே கண் நிறைகிறது.